சர்காவி கட்டிய மூட்டை

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு விமான நிலையச் சோதனை ஹஜ் பயணிகள் தங்கும் விடுதியிலேயே முடிந்துவிடும். இந்தோனேசியாவில், சுரபாயாவில் அப்படித்தான். கூடத்தின் இடப்பக்கம் பெண்கள் வரிசை, வலப்பக்கம் ஆண்கள் வரிசை. வரிசைக்கொரு எக்ஸ்ரே இயந்திரம், வரிசைக்கொரு இரும்புச் சட்டம் போட்ட வாசல். அதைத் தாண்டினால் பேருந்து. பேருந்து நேராக விமானத்தின் படிக்கட்டில் போய் நிற்கும்.

ஃபத்தோனி ஆண்கள் வரிசையில் நின்றான். வயது முப்பத்து நான்கு. முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லாருக்கும் ஒரே உடை: இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக, தையல் போடாத இரண்டு வெள்ளைத் துணி, ஹஜ்ஜுக்கான இஹ்ராம். எல்லார் கையிலும் ஒரே நிறப் பை. ஏசி குளிர் திறந்த தோள்களில் இறங்கியது. ஒருவர் தும்மினால் பத்துப் பேர் தும்மினார்கள்.

"எத்தனை வருஷம் காத்திருந்தே தம்பி?" பின்னால் நின்ற தஸ்ரிபின் கேட்டார். ப்ரோன்டோங் கரையில் படகு வைத்திருப்பவர்.

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா! நான் பேரு கொடுத்தப்ப என் வாயில பல்லு பூரா இருந்துச்சு. உனக்கு அதிர்ஷ்டம்யா."

"அது எங்க அப்பாவோட இடம்."

கிழவருக்குப் புரிந்தது. பெயர் கொடுத்துக் காத்திருந்தவர் போகும் முன் இறந்துவிட்டால் அந்த இடம் பிள்ளைகளில் ஒருவருக்கு வரும். கிழவர் தோள்துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"இருந்தாலும் அதிர்ஷ்டம்தான்," என்றார்.

ஃபத்தோனி பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

பைக்குள் ஒரு மூட்டை இருந்தது. கோடு போட்ட பழைய கைலியில் சுற்றி, லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டியது. அவன் அதை அவிழ்த்ததில்லை. அப்பா கட்டிய கட்டு அது.

அப்பா சர்காவி பாச்சிரானில் பஞ்சர் கடை வைத்திருந்தார். கடல் ஒரு பக்கம், லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை மறுபக்கம், நடுவில் தகரக் கூரை. குள்ளமான ஆள். லாரி டயரைக் கழற்றும்போது டயரும் அவரும் ஒரே உயரம். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குந்தியிருப்பார், குனிந்திருப்பார், அல்லது எதன்மேலாவது ஏறி நிற்பார். பெருநாள் அன்று தொழுகை முடிந்து வந்ததும் புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கடையைத் திறப்பார். "பெருநாள்னு ஆணிக்குத் தெரியுமா?" என்பார்.

ஒட்டிய டியூபை அவர் நம்பமாட்டார். மறுபடி காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, திருப்பித் திருப்பிக் குமிழி பார்ப்பார். லாரிக்காரன் அவசரப்பட்டாலும் பார்ப்பார். ஃபத்தோனி சுரபாயாவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வெல்டிங் வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே வெடிப்போ காற்றறையோ இருக்கிறதா என்று படிக்கிற வேலை. அதை வீட்டில் விளக்கிச் சொன்னபோது அப்பா கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார்.

"அப்ப நீயும் ஓட்டை தேடுறவன்தான். நான் தண்ணியில தேடுறேன், நீ படத்துல தேடுறே. சம்பளம்தான் வேற."

அம்மா முன்னமே இறந்துவிட்டாள். அதற்கப்புறம் அப்பாவிடம் இருந்த ஒரே யோசனை ஹஜ். வருடா வருடம் தன் வரிசை எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மகனைக் கைபேசியில் பார்க்கச் சொல்வார். நகர்ந்திருக்கும், கொஞ்சம். போன வருஷம் ஒருவழியாக வந்துவிட்டது. பயணப் பெட்டி வந்தது. வழியனுப்பு விருந்தும் போட்டாயிற்று. ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்து, காதோரம் குனிந்து, அங்கே போய்க் கேட்க வேண்டியதை ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மகளுக்கு மாப்பிள்ளை, மருமகளுக்குப் பிள்ளை, படகுக்கு மீன். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

விருந்துக்கு மறுநாள் காலை கைலியை விரித்து எதையெதையோ அடுக்கி மூட்டை கட்டினார். உள்ளே என்ன என்று ஃபத்தோனி கேட்டான்.

"மக்காவுல போய்த்தான் அவிழ்ப்பேன். உனக்கெதுக்கு?"

அதே வாரம், ஒரு டியூபைத் தொட்டியில் முக்கிப் பிடித்திருந்தபோது இதயம் நின்றது. லாரிக்காரன்தான் தூக்கினான். டியூபில் குமிழி வந்துகொண்டிருந்ததாக அவன் சொன்னான். ஏன் அதைச் சொன்னான் என்று தெரியவில்லை.

இந்த வருஷம் ஃபத்தோனி கிளம்பும்போது ஊர்க்காரர்கள் கையைப் பிடித்தார்கள், காதருகே குனியவில்லை. "உங்க அப்பாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்பா," என்றார்கள். திரும்பச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அவர்கள் சொன்னது என்னவென்று இவனுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவுக்காக ஹஜ் செய்யத்தான் போகிறோம் என்று அவன் நினைத்திருந்தான். அப்படி இல்லை என்றார் பள்ளிவாசல் பெரியவர். "இடம்தான் அவரோடது. ஹஜ் உன்னோடது. தனக்குன்னு ஒரு தடவை செஞ்சு முடிக்காதவன் இன்னொருத்தருக்குச் செய்ய முடியாது." அப்பாவின் ஹஜ்ஜை மக்காவில் படிக்கிற ஒரு மாணவர் செய்வதாக ஏற்பாடு. ஏற்கெனவே செய்தவர். நல்லவர் என்று சொன்னார்கள். ஃபத்தோனி அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

ஆக, அவன் கையில் எடுத்துப் போகக்கூடிய அப்பா இந்த மூட்டைதான். கட்டு குலையாமல் கொண்டுபோய் அங்கே அவிழ்க்க வேண்டும். அவர் சொன்னதும் அதுதான். பெரிய பெட்டிகள் எல்லாம் முந்தின நாளே போய்விட்டன. மூட்டையை அவற்றில் வைக்க மனமில்லாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டான்.

தளத்தில் ஒருநாள் அதை எக்ஸ்ரே மேசைமேல் வைத்தும் பார்த்தான். கூட வேலை செய்பவன், "ஒரு நொடி வேலைடா, பாத்துரலாம்," என்றான். ஃபத்தோனி மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வரிசை நகர்ந்தது. முன்னால் ஒருவரிடமிருந்து மிளகாய்ச் சம்பல் பாட்டில்கள் வெளியே வந்தன. "இது இல்லாம எப்படிம்மா சோறு இறங்கும்?" என்று கெஞ்சினார். "அங்கேயும் சம்பல் போடுவாங்க பாக்," என்றபடி பாட்டில்களைப் பெட்டியில் போட்டாள் சோதனைப் பெண். பெயர்ப்பட்டையில் வெனிங் என்றிருந்தது. "போடுவாங்க. அது தக்காளி ஜூஸு," என்று முனகியபடி அவர் வாசலைக் கடந்தார். இடுப்பு வார் கொக்கிக்கு வாசல் கத்தியது.

ஃபத்தோனியின் பை உள்ளே போனது. பட்டை நின்றது. சற்றுப் பின்வாங்கியது. மறுபடி போனது. மறுபடி நின்றது.

"மாஸ், இந்தப் பை உங்களோடதா?" என்றாள் வெனிங். இளவயது ஆண்களை 'மாஸ்' என்றும் பெரியவர்களை 'பாக்' என்றும் மரியாதையாக அழைப்பது அங்கே வழக்கம்.

"ஆமா."

"நீங்களேதான் கட்டினீங்களா?"

அவன் யோசித்தான். "பையை நான் கட்டினேன். உள்ள இருக்கிற மூட்டையை நான் கட்டல."

குழுத் தலைவர் ஹாஜி முனீப் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்டா. பஸ்ஸு உறுமிக்கிட்டு நிக்குது."

"இந்தத் துணியைக் கட்டிக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது பாக் ஹாஜி?"

முனீப் பஸ் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வேற யாரு கட்டினது?" என்றாள் வெனிங்.

"எங்க அப்பா."

"அவரு இங்க இருக்காரா?"

"இல்ல. பாச்சிரான்ல. போன வருஷம் அடக்கம் பண்ணினோம்."

அவள் கை திரையின் பொத்தான்மேல் அப்படியே நின்றது. "உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"மன்னிச்சிருங்க மாஸ். பிரிச்சுத்தான் ஆகணும்."

பின்னால் வரிசை கழுத்தை நீட்டியது.

"படத்தை நான் பாக்கலாமா?" என்றான் ஃபத்தோனி. "எக்ஸ்ரே படிக்கிறதுதான் என் வேலை. கப்பல் தளத்துல."

காட்டக் கூடாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் திரையை ஒரு விரல்கடை திருப்பினாள்.

அவன் பார்த்தான். ஆரஞ்சு நிறம் துணி, ரப்பர். நீலம் இரும்பு. இரண்டு நீளக் கம்பிகள், நுனி தட்டையாக. அதில் ஒன்றின் நுனி இடப்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவு அவனுக்குத் தெரியும். சிமென்ட் லாரியின் டயரைக் கழற்றும்போது வளைந்தது. பக்கத்தில் ஒட்டை அழுத்தும் பல்சக்கர உருளை, கம்பி பிரஷ். ஒரு சின்னத் தகர டப்பா சாய்ந்து கிடந்தது. உள்ளே இருந்த அடர்த்தி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. பாதி சொல்யூஷன். வட்ட வட்டமாக வெட்டிய ஒட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. இவற்றைச் சுற்றி அடுக்கடுக்காகத் துணி.

ஒரு வருஷமாகப் பார்க்காமல் வைத்திருந்ததை ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிட்டான்.

"பஞ்சர் சாமான்," என்றான். "டயர் லீவரு ரெண்டு. ஒட்டுற பசை. ஒட்டு."

பின்னாலிருந்து ஒருவர் வெடித்துச் சிரித்தார். "மக்காவுக்குப் பஞ்சர் ஒட்டவா போறாரு!"

"ஏன், ஒட்டகத்துக்குக் காத்து இறங்கிட்டா?" என்றார் இன்னொருவர். வரிசை முழுவதும் குலுங்கியது. பெண்கள் பக்கமிருந்து மஸ்லிகாம்மா, "சிரிச்சுச் சிரிச்சு இடுப்புத் துணி அவுந்துரப் போகுது, பிடிச்சுக்கிட்டுச் சிரிங்க!" என்று கத்தினாள். அவள் புருஷன் தன் துணியை உடனே பிடித்துக்கொண்டார்.

முனீப் மட்டும் சிரிக்கவில்லை.

"சர்காவி பயிற்சி வகுப்புல ஒரு கேள்வி கேட்டாரு," என்றார். "மக்காவுக்கு வெளிய மினாவுல கூடாரத்துல நாள் பூரா உக்காந்திருக்கணுமே, என்ன பண்றதுன்னு. துஆ கேளுங்க, பிரார்த்தனை பண்ணுங்கன்னேன். சரி, அதுக்கப்புறம்? குர்ஆன் ஓதுங்கன்னேன். சரி, அதுக்கப்புறம்? அதுக்கப்புறமும் துஆதாம்யான்னேன். யோசிச்சாரு. 'நடந்து நடந்து எல்லாருக்கும் செருப்பு அறுந்திருக்கும்ல பாக் ஹாஜி'ன்னாரு. நான் விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நினைச்சேன்."

தஸ்ரிபின் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

வெனிங் குரலைத் தாழ்த்தினாள். "பசை தீப்பிடிக்கிற சாமான், அது எந்தப் பையிலயும் போகாது. இரும்புச் சாமானும் கைப்பையில எடுத்துட்டுப் போக முடியாது. இதை மட்டும் எடுத்துட்டா மத்ததைக் கொண்டு போகலாம். பிரிக்க வேண்டாம்னா மூட்டையைக் கட்டோட இங்கயே விட்டுட்டுப் போங்க. சீட்டு ஒட்டி வைப்போம். வீட்டுக்காரங்க வந்து வாங்கிக்கட்டும்."

"வீட்டுல யாரும் இல்ல. அக்கா கடல் தாண்டிக் காலிமந்தான்ல இருக்கா."

"சொந்தக்காரங்க?"

கட்டு குலையாமல் இருக்க வேண்டுமென்றால் மூட்டை இங்கே நிற்க வேண்டும். மூட்டை அங்கே போக வேண்டுமென்றால் கட்டு குலைய வேண்டும். இரண்டில் ஒன்று. வேறு கணக்கு எதுவும் வரவில்லை.

"பிரிக்கிறேன்," என்றான்.

மேசைமேல் வைத்தான். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அப்பா சைக்கிளில் டியூப்களைக் கட்டும்போது போடுகிற முடிச்சு. இரண்டு சுற்று, பிறகு வாலை எங்கோ அடியில் செருகுவார். எங்கே என்று அவன் ஒருநாளும் கவனித்ததில்லை. நகத்தால் கிளறினான். வால் அகப்படவில்லை.

"கத்திரி தரட்டுமா மாஸ்?"

"வேண்டாம்."

"அண்ணே, விமானம் நமக்காகக் காத்திருக்காது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இவ்வளவு வருஷம் காத்தோம், இவன் முடிச்சு அவுக்கிற வரைக்கும் காக்க மாட்டோமா? பேசாம நில்லு," என்று தஸ்ரிபின் அந்தக் குரலை அடக்கினார்.

ஃபத்தோனி இழுத்தான். ரப்பர் ஒரு வருஷம் பழையது. வெப்பத்தில் காய்ந்து, மேலெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. அந்த வெடிப்புகளை அவன் பார்த்தான். தாங்காது என்றும் தெரிந்தது. கை நிற்கவில்லை. முடிச்சு இருந்த இடத்திலேயே ரப்பர் அறுந்தது. சின்னச் சின்னத் துண்டுகளாக மேசையில் சிதறியது. முடிச்சு எது, நாடா எது என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

கைலி தானாக விரிந்தது. சொல்யூஷன் வாடை கூடம் முழுக்க எழும்பியது.

வெனிங் கையுறையோடு லீவர்களை எடுத்தாள். டப்பாவை எடுத்தாள். பிரஷ், உருளை. ஒட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டாள். எடுத்தவை சம்பல் பாட்டில்கள் கிடந்த பெட்டிக்குள் போயின. இரும்பு கண்ணாடியில் பட்டுச் சத்தம் வந்தது. வளைந்த லீவர் மட்டும் பெட்டிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மீதி இருந்தது இரண்டு வெள்ளைத் துணி. அப்பா தனக்கென்று வாங்கிய இஹ்ராம் துணி. இடுப்புத் துணி மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. தோள்துணிமேல் டப்பா கசிந்திருந்தது. ஒரு மூலை முழுக்கப் பசை ஊறி, காய்ந்து, பழுப்பாக இறுகி, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல ஆகியிருந்தன.

"அதையும் பிரிச்சுக் காட்டுங்க," என்றாள்.

அவன் மூலையைப் பிடித்து இழுத்தான். ஒட்டைப் பிய்க்கும்போது வருகிற அதே சத்தம். அரை விரல் அகலம் பிரிந்தது. நிறுத்தினான்.

"நான் சொல்றதைக் கேளுங்க," என்றான். "இதுக்குள்ள எதுவும் இல்ல. துணி, பசை, அவ்வளவுதான். இருந்தா படத்துல ஓரம் தெரியும். இதை மட்டும் தனியா ஒரு தடவை உள்ள விடுங்க. நீங்களே பாருங்க."

"பிரிச்சா வேலை முடிஞ்சிருமே மாஸ்."

"ஆமா. முடிஞ்சிரும்."

அவள் அவனைப் பார்த்தாள். துணியை ஒரு தட்டில் வைத்துப் பட்டையில் விட்டாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். வெளிர் ஆரஞ்சில் ஒரு சதுரம். ஒரு மூலையில் மட்டும் நிறம் கொஞ்சம் கூடுதல். படி படியாக மடிப்பு இறங்கியிருந்தது. உள்ளே எதுவும் இல்லை. இவ்வளவு சுத்தமான படத்தை அவன் தளத்தில் பார்த்ததில்லை.

"மடிச்சவரு கை நேர்த்தியா இருக்கு," என்றாள். "எடுத்துக்கங்க."

அவன் இரும்பு வாசலைக் கடந்தான். அது கத்தவில்லை.

மறுபக்கம் வந்ததும் தஸ்ரிபின் மூக்கை உறிஞ்சினார். "தம்பி, இது என்ன பஞ்சர் கடை நாத்தம்! பாக் ஹாஜி, இஹ்ராம் துணியில வாசனை இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

முனீப் ஒரு கணம் யோசித்தார். "வாசனைதான் கூடாது. நாத்தத்துக்குச் சட்டம் எதுவும் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபத்தோனியும் சிரித்துவிட்டான். அப்பாவிடம் சொன்னால் நாள் முழுக்கச் சிரிப்பார், வருகிற லாரிக்காரன் ஒவ்வொருவனிடமும் சொல்வார் என்று தோன்றியது. சிரிப்பு பாதியில் நின்றது. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டையை மறுபடி கட்ட நாடா இல்லை. கைலியைச் சும்மா சுற்றிப் பைக்குள் வைத்தான். ஒட்டுகள் உள்ளே உருண்டன.

பேருந்தில் அவனுக்கு ஜன்னலோர இடம். விடுதி வேலிக்கு வெளியே கூட்டம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், குடைகள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே ஒரு குடும்பம் நின்று கம்பி வழியே கையாட்டியது. அவன் ஜன்னலுக்கு நேரே வேலி மட்டும் இருந்தது. பிறகு அங்கேயும் ஒரு கூட்டம் ஓடிவந்தது. "தாத்தா! தாத்தா!" என்று கத்தினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த தஸ்ரிபின் அவன் மடிமேல் சாய்ந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் இப்படி மாறி உக்காரேன். நம்ம ஆளுங்க வந்திருக்காங்க."

மாறி உட்கார்ந்தான். கிழவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

"உன் ஆளுங்க யாரும் வரலையா?" என்றார், திரும்பாமலே.

"இல்ல."

பேருந்து நகர்ந்தது. முன்னால் யாரோ முதல் குரல் எடுத்தார்: வந்துவிட்டேன் இறைவா, வந்துவிட்டேன். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கிழவரின் குரல் உடைந்து, பிறகு ஒன்றுசேர்ந்தது. ஃபத்தோனியும் வாயைத் திறந்தான். தனக்கென்று சொல்வதாகத்தான் சொன்னான், பள்ளிவாசல் பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி.

உதவியாளர் ஒருவர் வந்து பைகளை மேலே வைக்கச் சொன்னார். எல்லாரும் வைத்தார்கள். ஃபத்தோனி பைக்குள் கைவிட்டு அந்தத் துணியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பையைக் கொடுத்தான். கட்டைவிரல் பசை இறுகிய மூலையில் இருந்தது. அரை விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்த ஓரத்தை அழுத்திப் பார்த்தான். காய்ந்துபோன பசை. ஒட்டாது என்று அவனுக்குத் தெரியும். அழுத்திப் பிடித்தபடியே இருந்தான்.